ஐந்தாவது ஆட்சேபணை

எங்கள் வெரிங்கா ஊரில் ஒரு கோழிக்கூண்டை நீங்கள் வீடாக்க நினைத்தாலும் முதலில் கவுன்சில் அலுவலகத்தில் என் கவுண்டருக்கு வர வேண்டும். அடுத்தபடியாக, நோரீன் பாஸ்கோ எழுதப்போகும் ஆட்சேபணைக் கடிதத்துக்கு மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். முன்னதற்குப் படிவம் உண்டு. பின்னதற்கு மருந்தே கிடையாது.

நான் கார்லா. ஊர்க் கவுன்சிலின் திட்டப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். நான் சேர்ந்தபோது ஊரில் ஆறாயிரம் பேர் இருந்தார்கள். ஆடுகள் அதைவிட அதிகம். இன்று இருபதாயிரம் பேர். மெல்போர்னில் வீட்டு விலையைக் கேட்டு மயங்கி விழுந்தவர்கள் எல்லாம் எழுந்து நேராக எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள். ஆடு மேய்ந்த இடமெல்லாம் மனைப்பிரிவு ஆகிவிட்டது. ஆடுகள் இருந்த காலத்தில் எனக்குத் தலைவலி குறைவு.

எங்கள் வழக்கம் இதுதான். யாராவது கட்ட அனுமதி கேட்டால் அந்த இடத்தில் பதினான்கு நாள் ஒரு மஞ்சள் பலகை நிற்கும். பாதிக்கப்படுகிறவர்கள் கடிதம் எழுதலாம். நாலு கடிதம் வரை வந்தால், படித்துப் பார்த்து நானே முடிவெடுத்துக் கையெழுத்துப் போடலாம். ஐந்தாவது கடிதம் வந்துவிட்டால் கோப்பு என் கையை விட்டுப் போய்விடும். மாதம் ஒருமுறை கூடும் கவுன்சிலர்கள், ஊர் பார்க்க, பேசி முடிவெடுப்பார்கள். ஐந்து என்ற அந்த எண்ணின் அருமை நோரீனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

நோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அறுபத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஒருத்தன் வந்தான். அவன் வீட்டு பிளான் எனக்குப் பிடிக்கல" என்றார். காலையும் மாலையும் ஊரின் எல்லாத் தெருவிலும் போய் வருவதால் புதுப் பலகை எங்கே முளைத்தாலும் அவர் கண்ணில்தான் முதலில் படும். அவர் கவனிக்காவிட்டாலும் பேருந்தில் இருக்கும் பிள்ளைகள் விடமாட்டார்கள். "நோரீன், இன்னொரு மஞ்சள்!" என்று கத்துவார்கள். அன்று மத்தியானமே கடிதம் என் மேசைக்கு வரும். எல்லாக் கடிதமும் ஒரே வரியில் தொடங்கும்: "வளர்ச்சிக்கு நான் எதிரி அல்ல, ஆனால்."

அந்த 'ஆனால்' வந்தாலே நான் புதுக் கோப்பு ஒன்றை எடுத்து வைத்துவிடுவேன்.

அவருடைய முதல் கடிதமும் என் முதல் கோப்பும் ஒன்றே. அவர் வீட்டுக்குப் பின்தெருவில் ஒருவர் மாடி வீடு கட்ட வந்தார். கட்டினால் நோரீனின் சமையலறை ஜன்னலிலிருந்து கூரன் மலை தெரியாது. அது ஒன்றும் பெரிய மலை இல்லை; உட்கார்ந்திருக்கும் பசு மாதிரி ஒரு மேடு, அவ்வளவுதான். ஆனால் மனுஷி ஐந்து கடிதம் திரட்டிக் கவுன்சிலில் நின்று சண்டை போட்டுக் கூரையை ஒன்றரை மீட்டர் இறக்க வைத்தார். "காலைல டீ குடிக்கறப்ப எனக்கு அந்த மலை வேணும். வேற எதுவும் நான் கேக்கல" என்றார். கேட்காததாவது! அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் வேறு எல்லாவற்றையும் கேட்டார்.

மிக அதிகமாக மாட்டிக்கொண்டவர் கிரெய்க் ஓஸ்டர்லி. ஊரில் பாதி மனைப்பிரிவு அவருடையது. அவர் மேல் மட்டும் ஒன்பது கடிதம். ஒரு மனைப்பிரிவில் முட்டுச்சந்துக் கோடியில் பேருந்து திரும்ப இடம் போதாது என்று நோரீன் எழுதினார். போதும் என்று கிரெய்க்கின் வரைபடம் சொன்னது. நானும் வரைபடத்தை நம்பினேன். ஒரு சனிக்கிழமை நோரீன் காலிப் பேருந்தை அந்தச் சந்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார். முன்சக்கரம் ஒரு நடைபாதையில், பின்சக்கரம் எதிர் நடைபாதையில். முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. எனக்குப் போன் வந்தது. "கார்லா, உன் வரைபடத்தை எடுத்துக்கிட்டு வா. பஸ்ஸை எப்படி வெளிய எடுக்கறதுன்னு அதுல போட்டிருக்கான்னு பாப்போம்!" கிரெய்க் மூன்று மனையை விட்டுக்கொடுத்து அங்கே வட்டத் திருப்பம் போட்டார். அன்றிலிருந்து நோரீன் பெயரைக் கேட்டாலே அவருக்குப் பல் கூசும்.

இப்படிப்பட்டவர் போன செப்டம்பர் முதல் வாரத்தில் என் கவுண்டருக்கு வந்து, கடிதம் நீட்டாமல், ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன்.

"நீங்களா? நீங்க கட்டப்போறீங்களா?"

"ஏன், எனக்குக் கை கால் இல்லையா? கொல்லைல ஒரு சின்ன வீடு. ஒரு ரூம், ஒரு கிச்சன். டெஸ்ஸுக்கு."

டெஸ் அவருடைய தம்பி. கடற்கரை ஊர் ஒன்றில், வண்டி வீடுகள் நிற்கும் கேரவன் பார்க்கில் பதினெட்டு வருடமாக இருந்தார். அந்தப் பார்க்கை யாரோ வாங்கி விடுதி கட்டப்போகிறார்கள். நவம்பர் முடிவுக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். அவருக்கு இடுப்பு எலும்பு மாற்றியிருந்தது. நோரீன் வீட்டுக்கு ஏழு படி ஏற வேண்டும். உள்ளே ஒரே படுக்கையறை. அரசாங்கம் கொடுப்பதாகச் சொன்ன இடம் வடக்கே ஐநூறு கிலோமீட்டர் தள்ளி.

"அங்க போய் யாரோட பேசுவான்? அவனுக்கு நான், எனக்கு அவன். வேற யாரு இருக்கா?" நோரீன் எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்று கவுண்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று மெதுவாகச் சொன்னார். தொழிற்சாலையில் முழுசாகச் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்குகிற வீடாம். நவம்பர் இருபதாம் தேதிக்குச் சொல்லி வைத்திருந்தார். அதை விட்டால் மார்ச்.

மஞ்சள் பலகை நோரீன் வீட்டு வேலியில் நின்ற அன்று ஊரே சிரித்தது. பேக்கரியில் இரண்டு பேர் கைகொடுத்துக்கொண்டதை நானே பார்த்தேன். "ஊருக்குத்தான் உபதேசம்!" என்றான் ஒருவன். பேருந்துப் பிள்ளைகள் கேட்கவே வேண்டாம். "நோரீன், உங்க வீட்லயே மஞ்சள்!" என்று இரண்டு வாரம் பாடினார்கள்.

பதினான்கு நாளில் நாலு கடிதம் வந்தன. நாலும் அவரிடம் அடி வாங்கியவர்கள் எழுதியவை, முதலாவது கிரெய்க். நாலும் ஒரே வரியில் தொடங்கின: "வளர்ச்சிக்கு நான் எதிரி அல்ல, ஆனால்." நான் தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். படித்துப் பார்த்தால் ஒன்றிலும் சரக்கு இல்லை. வெறும் வயிற்றெரிச்சல்.

நாலு கடிதம் என்றால் கையெழுத்து என்னுடையது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இத்தனை வருடம் என் உயிரை எடுத்த மனுஷிக்கு ஒரு நல்லது செய்யலாம் அல்லவா? கடைசி நாளுக்கு முதல் நாள் வியாழக்கிழமை போன் செய்தேன்.

"நோரீன், நாளைக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடறேன். டெஸ்ஸைப் பெட்டி கட்டச் சொல்லுங்க."

"நாலு கடிதம் வந்திருக்கே. அதுக்கு என்ன பதில்?"

"அதுல ஒண்ணும் இல்லைங்க. தள்ளிடுவேன்."

"நீயேவா?"

"நானேதான். விதி இருக்கில்ல!"

"ம்" என்று போனை வைத்துவிட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிப் பேருந்து எங்கள் அலுவலக வாசலில் நின்றது. நோரீன் இறங்கி வந்து ஒரு உறையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். பிரித்தேன்.

"வளர்ச்சிக்கு நான் எதிரி அல்ல, ஆனால், டார்னல் தெரு பதினேழாம் எண்ணில் நோரீன் பாஸ்கோ கட்ட நினைக்கும் வீட்டை ஆட்சேபிக்கிறேன். ஒன்று, அதன் நிழல் பக்கத்து மனையில் ஆன்டே வூக்கோவின் தக்காளிப் பாத்தியில் விழும். இரண்டு, முடிவெடுக்கப்போகும் அதிகாரி விண்ணப்பதாரரின் தோழி. இப்படிக்கு, நோரீன் பாஸ்கோ, டார்னல் தெரு, பதினேழாம் எண்."

ஐந்து!

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல! சட்டப் புத்தகத்தைத் திறந்து தேடினேன். பாதிக்கப்படும் எவரும் எழுதலாம் என்றுதான் இருக்கிறது. விண்ணப்பம் போட்டவர் எழுதக் கூடாது என்று எங்கேயும் இல்லை. இப்படி ஒரு பிறவி வரும் என்று எழுதினவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பைத்தியமா நோரீன்? இன்னும் ஏழு மணி நேரம் சும்மா இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்! இனி அக்டோபர் கூட்டம். அங்க ஒருத்தர் 'ஒத்தி வைப்போம்'னு சொன்னாப் போதும், நவம்பர் போச்சு. டெஸ் போச்சு!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"கத்தாதே, ஆன்டேக்குக் கேக்கும்." அவர் வாயிலிருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினார். "நிழல் எங்க விழும்னு போட்ட படத்தை நீ பாத்தே இல்ல?"

பார்த்திருந்தேன். வசந்தத்தில் பதினோரு மணி வரை ஆன்டேயின் பாத்தியில் வெயில் படாது. விதிக்கு உட்பட்டதுதான், ஒரு மயிரிழையில்.

"அவர் எழுதலையே நோரீன்!"

"எழுதமாட்டான். வேலிகிட்டப் போய்க் கேட்டேன். 'தக்காளிக்காகப் பக்கத்து வீட்டுப் பொம்பளையோட சண்டை போடறதா'ன்னான். அந்தப் பாத்திய விட்டா அவனுக்கு வேற என்ன இருக்கு, சொல்லு. இதையே கிரெய்க் கட்டினா நீ நாளைக்கு இப்படிப் போன் பண்ணி 'பெட்டி கட்டு'ன்னு சொல்லுவியா?"

நான் கீழே கிடந்த ஒரு கிளிப்பை எடுத்து நீட்டினேன். அவர் விடவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா ஊர் முழுக்க நான் என்ன கேட்டேன்? பேசி முடிவு பண்ணுங்க, முதுகுக்குப் பின்னால பண்ணாதீங்கன்னுதானே? இன்னைக்கு எனக்குன்னு வந்தா பின்வாசல் வழியா வாங்கிக்கவா? நாளைக்கு அடுத்த கடிதத்தை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எழுதுவேன்?"

"எழுதாதீங்க! ஊர் நிம்மதியா இருக்கும்!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். காரில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சொன்னது சரி. அதுதான் கோபத்துக்கே காரணம்.

அக்டோபர் மூன்றாம் செவ்வாய், சாயங்காலம் ஆறு மணி. கவுன்சில் கூடத்தில் உட்கார இடமில்லை. டெஸ் ஊன்றுகோலுடன் நாலு மணி நேரம் பேருந்தில் வந்து முன்வரிசையில் இருந்தார். எங்கள் கூடத்தில் ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி, விண்ணப்பம் போட்டவருக்கு. கதவுப் பக்கம் ஒன்று, ஆட்சேபிப்பவருக்கு. ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்தால் மேயர் மணி அடிப்பார்.

நோரீன் முதலில் ஜன்னல் நாற்காலியிலிருந்து எழுந்தார். தம்பியைப் பற்றிச் சொன்னார். பார்க் காலியாவதைச் சொன்னார். லாரி தேதியைச் சொன்னார். மணி அடித்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்து கதவு நாற்காலிக்குப் போய் நின்றார்.

"முன்னால பேசின அம்மா சொன்னதெல்லாம் உண்மை. ஆனா அவங்க ஒண்ணை மறைச்சுட்டாங்க" என்று ஆரம்பித்தார்.

கூடம் அதிர்ந்தது. மேயர் ஃபியோனா மணியை அடித்து அடித்துப் பார்த்தும் சிரிப்பு அடங்கவில்லை. நோரீன் மட்டும் சிரிக்கவில்லை. நிழல் படத்தை விரித்து, ஆன்டேயின் பாத்தியைக் காட்டி, வீட்டை மூன்று மீட்டர் வடக்கே தள்ளினால் நிழல் வேலியைத் தாண்டாது என்று மூன்று நிமிடத்தில் முடித்தார். பின்வரிசையில் ஆன்டே தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கிரெய்க் எழுந்தார். கையில் தாள். "வளர்ச்சிக்கு நான் எதிரி அல்ல, ஆனால்..." மறுபடி ஒரே சிரிப்பு. அவர் தாளைப் பார்த்தார், நோரீனைப் பார்த்தார். "இந்தம்மா ஒன்பது தடவை என்னைச் சந்தி சிரிக்க வெச்சாங்க. பத்தாவது தடவை நான் வெக்கலாம்னு வந்தேன். அவங்களே வெச்சுக்கிட்டாங்க. எனக்கு என்ன வேலை?" என்று தாளை மடித்துப் பையில் போட்டு உட்கார்ந்தார்.

நான் பெருமூச்சு விடுவதற்குள் ஒரு கவுன்சிலர் கை தூக்கினார். "மூணு மீட்டர் நகத்தணும்னா புது வரைபடம் வேணும். நவம்பருக்கு ஒத்தி வெக்கலாமே." இரண்டு தலைகள் ஆடின. டெஸ் ஊன்றுகோலை இறுகப் பிடித்தார்.

மேயர் என்னிடம் கேட்டார். "விண்ணப்பம் போட்டவரே இப்ப ஒத்துக்கிட்டா, அதை நிபந்தனையாப் போட்டு இன்னைக்கே முடிக்கலாமா?"

"முடிக்கலாம். ஆனால் அதன் விளைவை நான் சொல்லியாக வேண்டும்." அது என் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு வேண்டாவெறுப்பாக அதை நான் செய்ததில்லை. "மூன்று மீட்டர் வடக்கே போனால், புது வீடு விண்ணப்பதாரரின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே வரும். அங்கிருந்து இனி கூரன் மலை தெரியாது."

அந்த ஒன்றரை மீட்டர் கூரைக் கதை தெரியாதவர் அங்கே யாரும் இல்லை.

"பாஸ்கோ அம்மா, சம்மதமா?" என்றார் மேயர்.

நோரீன் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் நடந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நோரீ, வேண்டாம் விடு. நான் வடக்கயே போயிக்கறேன்" என்றார் டெஸ்.

"நீ வாயை மூடுடா. உனக்கு மூணு நிமிஷம் கிடையாது." மேயர் பக்கம் திரும்பினார். "மலை எங்கயும் போகாது. நான் பஸ் ஓட்டறப்ப தினம் பாத்துக்கறேன். இவனுக்குத்தான் போக இடமில்லை. சம்மதம்னு எழுதிக்கோங்க."

ஏழு கவுன்சிலர்களின் கைகளும் தூக்கப்பட்டன. எனக்குக் குறிப்பு எழுத எழுத்துத் தெரியவில்லை, கண் மறைத்தது. யாரோ லாமிங்டன் கேக் தட்டை நீட்டினார்கள்.

நவம்பர் இருபது, அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டைச் சுமந்து வந்த லாரி டார்னல் தெரு முனையில் நின்றுவிட்டது. திரும்ப இடமில்லை! ஊரில் எல்லாச் சந்துகளையும் அளந்த நோரீன், தன் தெரு முனையை அளக்க மறந்துவிட்டார். வரைபடத்தைப் பார்த்த நானும்தான். கிரெய்க்குக்கு யார் சொன்னார்களோ, பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தார்.

"என்ன நோரீன், வண்டி திரும்ப இடம் வேணாமா?"

"சிரிச்சு முடிச்சுட்டு உன் கிரேனை வரச் சொல்லு."

வரச் சொன்னார். வீடு வேலிக்கு மேலே பறந்து போய்க் கொல்லையில் உட்கார்ந்தது. அன்று பள்ளிப் பேருந்து நாற்பது நிமிடம் தாமதம். பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷம் இருந்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை நோரீன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஆன்டே வைத்துவிட்டுப் போன தக்காளிக் கூடை. சமையலறையில் அதே மேசை, அதே ஜன்னல். ஜன்னல் நிறைய டெஸ்ஸின் வீட்டுச் சுவர். அதில் அவருடைய சமையலறை ஜன்னல், திரை போடாமல். டெஸ் பனியனோடு நின்று ரொட்டியில் தடவுகிற வெஜிமைட்டைக் கத்தியில் எடுத்து அப்படியே நக்கிக்கொண்டிருந்தார்.

"பாரு, பாரு! அறுபத்தொரு வயசு! இதுக்கே ஒரு கடிதம் எழுதணும்" என்றார் நோரீன்.

எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை. "உண்மையைச் சொல்லுங்க நோரீன். காலைல டீ குடிக்கறப்ப மலை ஞாபகம் வரலையா?"

அவர் எழுந்து ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தார். "டேய், மாத்திரை போட்டியா?" எதிர் ஜன்னலில் டெஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மாத்திரை டப்பாவைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். நோரீன் அவர் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் வரை நின்று பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து, ஆறிப்போகாத டீயை எடுத்தார்.

"என்ன கேட்டே? எந்த மலை?" என்றார்.